அட்வான்ஸ் வாங்கும் வரை "சார்... சார்...", அப்புறம் "யார் சார்?" - கார் வாங்கப் போறவங்க உஷார்!

சென்னை:

குளுகுளு ஏ.சி. ஹால், கையில் ஜூஸ், "வாங்க சார், உட்காருங்க சார்" என்று ஏக உபசாரம். கார் ஷோரூமுக்குள் முதல் முறை நுழையும் யாருக்கும் ராஜ மரியாதைதான். ஆனால் அட்வான்ஸ் பணம் கை மாறியதும் சீன் மாறி விடுகிறது. ரசீது கேட்டால் "மேனேஜர் லீவு சார்". வண்டி எப்போ வரும் என்று கேட்டால் "கம்பெனியில இருந்தே வரலை சார்". அப்புறம் போன் அடித்தால் எடுக்கவே ஆள் இல்லை.

சீட்டுப் பணம் எடுத்து, நகையை அடகு வைத்து, மாதத் தவணை கட்டி கார் வாங்குகிற குடும்பங்கள் இப்போது ஏராளம். கால்டாக்சி ஓட்டி பிழைக்கலாம் என்று வாங்குகிறவர்களும் உண்டு. ஏமாந்தால் போவது காரும் காசும் மட்டும் இல்லை. 5 வருடத்துக்கு மாதா மாதம் கழுத்தை நெரிக்கும் தவணையும் கூடவே வருகிறது.

எல்லா ஷோரூமும் அப்படி இல்லை. ஒழுங்காக தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஏமாந்தவர்கள் கதையை கேட்டால் எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான். "வாயால சொன்னாங்க, எழுதி வாங்கலை". எங்கெங்கே இப்படி கோட்டை விடுகிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது, மாட்டிக் கொண்டால் யாரிடம் போவது? விவரம் வருமாறு:-

ஒரு காருக்கு மூணு விலை

விளம்பரத்தில் ஒரு விலை, ஷோரூமில் ஒரு விலை, பில் போடும்போது ஒரு விலை. முதல் குழப்பமே இங்கேதான் ஆரம்பம்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 'எக்ஸ் ஷோரூம்' விலை. ஜி.எஸ்.டி. வரி இதிலேயே அடக்கம். அதற்கு மேல் ஆயுட்கால சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் வருவதுதான் 'ஆன்ரோடு' விலை. கையில் இருந்து போகிற பணம் இதுதான்.

இதில் சாலை வரி அரசு நிர்ணயம் செய்வது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இது உயர்த்தப்பட்டது. புது கார் 5 லட்சம் வரை என்றால் 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 7 லட்சம் ரூபாய் கார் என்றால் வரி மட்டும் சுமார் 91 ஆயிரம் ரூபாய். கார் விலை 10 லட்சத்தை தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது வருமான வரி கணக்கில் வரவு வைத்துக் கொள்ளக் கூடிய பணம்.

ஆக அரசுக்கு போகும் பணம் எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் கணக்கு போட்டு பார்க்கலாம். அதில் ஒளிவு மறைவு இல்லை. மர்மம் எல்லாம் மீதி வரிகளில்தான்.

'ஹேண்ட்லிங் சார்ஜ்' யாருக்கு?

கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்', 'ஆர்.டி.ஓ. செலவு', 'டாக்குமெண்ட் சார்ஜ்', 'எசன்ஷியல் கிட்' என்று வரிசையாக இருக்கும். கம்பெனி யார்டில் இருந்து ஷோரூமுக்கு வண்டியை கொண்டு வந்த செலவை வாங்குகிறவர் தலையில் கட்டுவதுதான் இந்த ஹேண்ட்லிங் சார்ஜ். இப்படி தனியாக வசூலிக்கச் சொல்லி எந்த மோட்டார் வாகன சட்டமும் சொல்லவில்லை.

ஆர்.டி.ஓ. செலவு என்று ரவுண்டாக ஒரு தொகை போட்டிருந்தால் அதையும் பிரித்து கேட்க வேண்டும். மத்திய அரசு விதிப்படி சொந்த உபயோக காருக்கு பதிவுக் கட்டணம் 600 ரூபாய். பைனான்சில் வாங்கினால் கடன் விவரத்தை ஆர்.சி.யில் ஏற்ற 1,500 ரூபாய். இதோடு சில சில்லறை சேவைக் கட்டணங்கள், அவ்வளவுதான். இதற்கு மேல் போட்டிருப்பது எல்லாம் யார் பாக்கெட்டுக்கு போகிறது என்று கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு.

"எல்லாருக்கும் போடறதுதான் சார்" என்று பதில் வரும். "அப்படின்னா பில்லுல அதே பேர்ல எழுதி, சீல் வச்சு கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அந்த வரி அப்போதே குறைந்து விடும், இல்லை காணாமலே போய்விடும்.

சீட் கவர், மேட், மட்கார்டு, கோட்டிங் என்று 'ஆக்சசரீஸ் பேக்' ஒன்றையும் சேர்த்துக் கட்டுவார்கள். "இது எடுத்தாத்தான் சீக்கிரம் டெலிவரி" என்பார்கள். கார் வாங்குகிறவர் இதை எல்லாம் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

இன்சூரன்சில் நடக்கும் கட்டாய கல்யாணம்

"இன்சூரன்ஸ் எங்ககிட்டதான் எடுக்கணும் சார், கம்பெனி ரூல்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். அப்படி ஒரு ரூல் இல்லை. எந்த கம்பெனியில் பாலிசி எடுப்பது என்பது கார் வாங்குகிறவர் இஷ்டம். ஷோரூம் மூலம் பாலிசி விற்பதற்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017-ல் தனி விதிமுறையே கொண்டு வந்தது. விற்கலாம், ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது.

2018 செப்டம்பர் 1-ந் தேதி முதல் புது காருக்கு 3 வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் வந்த மாற்றம் இது. ஆனால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாலிசியை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். 3 வருடத்துக்கும் சேர்த்து கட்டச் சொன்னால் யோசிக்க வேண்டும்.

"வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது" என்று அடுத்த குண்டு போடுவார்கள். கேஷ்லெஸ் வசதி என்பது அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். எந்தெந்த ஒர்க்ஷாப் லிஸ்ட்டில் இருக்கிறது என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடமே கேட்டு தெரிந்து கொள்ளலாம். ஷோரூம் தரும் கொட்டேஷனோடு வெளியில் 2 கம்பெனி கொட்டேஷன் வாங்கி பக்கத்தில் வைத்து பார்த்தாலே வித்தியாசம் கண்ணில் பட்டுவிடும்.

அட்வான்ஸ் போட்டாச்சு... அப்புறம்?

ஆடி தள்ளுபடி, ஆயுத பூஜை ஆபர், தீபாவளி போனஸ் என்று சீசன் வந்தால் "இன்னிக்கு புக் பண்ணாத்தான் இந்த ரேட்டு" என்று அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்தில்தான் ஆர்டர் பாரத்தில் கையெழுத்து விழுகிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கிறவர்கள் குறைவு.

'டெலிவரி தேதியில் என்ன விலையோ அதுவே பொருந்தும்' என்ற வரி பெரும்பாலான பாரத்தில் இருக்கும். 3 மாதம் காத்திருந்து, அதற்குள் விலை ஏறினால் சுமை வாங்குகிறவருக்குத்தான். 'கேன்சல் செய்தால் இவ்வளவு பிடித்தம்' என்ற வரியும் உண்டு. சேல்ஸ்மேன் வாய் வார்த்தையாக "முழுசா திருப்பித் தந்துடுவோம்ணே" என்று சொல்லியிருப்பார். 2 மாதம் கழித்து போனால் அந்த சேல்ஸ்மேன் வேறு கம்பெனிக்கு போயிருப்பார்.

அதனால் கலர், மாடல், டெலிவரி தேதி, தள்ளுபடி தொகை, இலவசமாக தருவதாக சொன்ன பொருள், கேன்சல் செய்தால் திரும்ப வரும் தொகை, இந்த ஆறும் ஆர்டர் பாரத்திலேயே எழுதப்பட வேண்டும். இடம் இல்லை என்றால் ஷோரூம் இ-மெயிலில் இருந்தோ, வாட்ஸ்-அப்பிலோ எழுத்தில் வாங்கலாம். அட்வான்சை கையில் ரொக்கமாக கொடுப்பதை விட, ஷோரூம் பெயரில் உள்ள வங்கி கணக்குக்கு அனுப்புவது நல்லது. சேல்ஸ்மேனின் சொந்த ஜி-பே நம்பருக்கு அனுப்பினால் அது ஷோரூமுக்கு கொடுத்த பணமே ஆகாது என்று கையை விரித்து விடுவார்கள்.

8 சதவீதம் 14 ஆகும் வித்தை

ஷோரூமிலேயே பைனான்ஸ் ஆள் உட்கார்ந்திருப்பார். "வட்டி வெறும் 8 சதவீதம்தான் சார்" என்பார். அது 'பிளாட்' வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்பதை கேட்காமல் கையெழுத்து போட்டால் அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு 5 லட்சம் கடன், 5 வருடம். 8 சதவீத பிளாட் வட்டி என்றால், கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் கடைசி வரை முழு 5 லட்சத்துக்கே வட்டி. மொத்த வட்டி 2 லட்சம். மாதத் தவணை சுமார் 11 ஆயிரத்து 667 ரூபாய். அதே 8 சதவீதம் குறையும் அசலுக்கு என்றால் தவணை சுமார் 10 ஆயிரத்து 138 ரூபாய்தான். 5 வருடத்தில் வித்தியாசம் 90 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்த 8 சதவீத பிளாட் வட்டி உண்மையில் வருடத்துக்கு சுமார் 14 சதவீதம்.

இதை தடுக்க ரிசர்வ் வங்கி ஒரு வழி செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல் தரப்படும் தனிநபர் கடன்கள் எல்லாவற்றுக்கும், கையெழுத்துக்கு முன்பே 'கே.எப்.எஸ்.' என்ற முக்கிய விவரத் தாள் தர வேண்டும். உண்மையான வருட வட்டி, பிராசசிங் கட்டணம், கடனோடு ஒட்டிக் கொண்டு வரும் இன்சூரன்ஸ் எல்லாம் அதில் இருக்கும். 'ஏ.பி.ஆர்.' என்று போட்டிருக்கும் சதவீதம்தான் நிஜமான வட்டி. அதைப் பார்த்து ஒப்பிட வேண்டும். காலி செக்கிலும், பூர்த்தி செய்யாத பாரத்திலும் கையெழுத்து போடுவது அறவே கூடாது.

புது கார்தானா, பழைய ஸ்டாக்கா?

ஜனவரி மாதம் டெலிவரி எடுத்த கார், போன வருடம் ஏப்ரலில் தயாரானதாக இருக்கலாம். பல மாதம் வெயிலிலும் மழையிலும் யார்டில் நின்ற வண்டி. விற்கும்போது அது 'ஒரு வருடம் பழசு' என்று விலை குறையும். பழைய ஸ்டாக் வாங்குவது தப்பில்லை. ஆனால் அதற்கு ஏற்ற தள்ளுபடி தர வேண்டும். சொல்லாமல் தள்ளி விடுவதுதான் மோசடி.

தயாரிப்பு மாதம், வருடம் 'பாரம் 21' என்ற விற்பனை சான்றிதழில் இருக்கும். அதே விவரம்தான் ஆர்.சி.யிலும் ஏறும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2325 என்று இருந்தால் 2025-ம் வருடம் 23-வது வாரம் தயாரான டயர் என்று அர்த்தம்.

டெஸ்ட் டிரைவ் ஓட்டிய டெமோ வண்டியை புதுசு என்று விற்ற புகார்களும், யார்டில் இடிபட்டு டிங்கரிங், பெயின்ட் பார்த்த வண்டியை புதுசாக கொடுத்த புகார்களும் நுகர்வோர் கோர்ட்டு வரை போயிருக்கின்றன. யார்டில் ஏற்றி இறக்கியதில் மீட்டரில் சில பத்து கிலோ மீட்டர் ஓடியிருக்கலாம். நூற்றுக்கணக்கில் காட்டினால் காரணம் கேட்க வேண்டும்.

முக்கியமான விஷயம், வண்டியை ஆர்.டி.ஓ. பதிவுக்கு முன்பே நேரில் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. சேசிஸ் நம்பரை எழுதிக் கொள்ள வேண்டும். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையோடு போட்டோ எடுத்த பிறகு கீறலை காட்டினால் "நீங்க எடுத்துட்டுப் போய் இடிச்சிருப்பீங்க" என்று பேச்சு மாறும். பதிவு செய்யாமல் வண்டியை டெலிவரி கொடுக்கவும் கூடாது. நிரந்தர பதிவோ, தற்காலிக பதிவோ இருந்தே ஆக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

எக்ஸ்சேஞ்சில் கொடுத்த காரால் வரும் வில்லங்கம்

பழைய காரை கொடுத்துவிட்டு புதுசு எடுக்கிறவர்கள் மிக அதிகமாக கோட்டை விடும் இடம் இது. சாவியும் ஆர்.சி. புக்கும் கொடுத்து, பணத்தை கழித்துக் கொண்டதும் "வேலை முடிஞ்சுது" என்று வீட்டுக்கு வந்து விடுகிறார்கள். அந்த கார் ஷோரூமில் இருந்து புரோக்கர், புரோக்கரில் இருந்து வெளியூர் என்று கை மாறிக் கொண்டே போகும். ஆர்.சி.யில் மட்டும் பழைய ஓனர் பெயரே இருக்கும்.

சிக்னலில் கேமரா பிடித்தால் அபராத மெசேஜ் அவர் செல்போனுக்கு வரும். கடத்தலில் சிக்கினால் போலீஸ் அவர் வீட்டு கதவைத்தான் தட்டும். விபத்தில் உயிர் போனால் அதைவிட பெரிய ஆபத்து.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. 2007-ல் காரை விற்றுவிட்டார் ஒருவர். அது பல கை மாறியது. ஆனால் யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-ல் அந்த கார் விபத்தில் சிக்கியது. நஷ்டஈடு யார் தருவது என்ற வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், அவர்தான் பொறுப்பு என்று கோர்ட்டு கூறிவிட்டது. காரை விற்று 2 வருடம் ஆகியும் தலைவலி பழைய ஓனருக்கே வந்து சேர்ந்தது.

சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் 'பாரம் 29' மூலம் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் 'பாரம் 30' கொடுத்து பெயர் மாற்ற வேண்டும்.

டீலரிடம் விடுகிறவர்களுக்காக 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் புது விதி வந்துள்ளது. பழைய கார் வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகார சான்று வாங்க வேண்டும். அங்கீகாரம் உள்ள டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது 'பாரம் 29சி' மூலம் ஆன்லைனில் தகவல் பதிவு செய்தால், அதில் இருந்து அந்த வண்டிக்கு டீலரே ஓனராக கருதப்படுவார். அபராதமோ, விபத்தோ, கேசோ எல்லாம் அவர் பொறுப்பு. ஆகவே "பேர் மாத்தறதை நாங்க பார்த்துக்கறோம் சார்" என்ற பேச்சை நம்பாமல், 29சி பதிவு செய்த ஒப்புகையை கையில் வாங்கிக் கொண்டுதான் சாவியை கொடுக்க வேண்டும்.

கன்சல்டிங்கில் கவனம்

புது கார் எட்டாத குடும்பங்கள் செகண்ட் ஹேண்ட் கார் தேடி ஆட்டோ கன்சல்டிங்குக்கு போகின்றன. "ஒரே ஓனர் அண்ணே, டாக்டர் வச்சிருந்த வண்டி, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாரு" என்பது ஊர் ஊருக்கு கேட்கும் டயலாக்.

மீட்டர்: ஒன்றரை லட்சம் கிலோ மீட்டர் ஓடிய வண்டியை 45 ஆயிரம் என்று மாற்றுவது சின்ன மெஷின் வைத்து செய்யும் வேலை. கண்டுபிடிக்க வழி, கம்பெனி சர்வீஸ் சென்டர். ஒவ்வொரு சர்வீசின் போதும் கிலோ மீட்டரை பதிவு செய்திருப்பார்கள். ஓனர் சம்மதத்தோடு அந்த ஹிஸ்டரியை கேட்டு வாங்கலாம். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்தால் 45 ஆயிரம் என்ற கதை எடுபடாது.

வெள்ளம்: 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியை கழுவி, காய வைத்து, வேறு ஊரில் விற்பது பழைய தந்திரம். சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். மேட்டுக்கு அடியில் முடை நாற்றம், சீட் போல்ட்டில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

கடன்: ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும், 'பாரம் 35'-ம் கைக்கு வந்த பிறகே முழு பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் நடுரோட்டில் மடக்கி, "இது சீஸ் பண்ண வேண்டிய வண்டி" என்று குடும்பத்தை இறக்கிவிட்டு காரை ஓட்டிச் சென்று விடுவார்கள். பழைய ஓனர் வைத்த கடனுக்கு புது ஓனர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பாண்டி வண்டி: வரி குறைவு என்பதால் புதுச்சேரி பதிவு கார்கள் இங்கே நிறைய விற்பனைக்கு வருகின்றன. விலை கம்மி என்று பாய்ந்து விடக் கூடாது. 'பாரம் 28' என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, இங்கே வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டினால் லாபம் கரைந்து விடும். வேறு எந்த மாநில வண்டிக்கும் இதே கணக்குதான்.

இன்சூரன்ஸ்: "நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் இருக்கு" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அந்த போனஸ் ஓனருக்கு சொந்தம், வண்டிக்கு அல்ல. பழைய ஓனர் தன் அடுத்த காருக்கு கொண்டு போய் விடுவார். பாலிசியை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால், வண்டி சேதத்துக்கு கிளைம் கேட்கும்போது கையை விரித்து விடுவார்கள்.

வண்டி நம்பரை வைத்து பரிவாகன் இணையதளத்திலும், எம்-பரிவாகன் ஆப்பிலும் பதிவு தேதி, கடன் விவரம், இன்சூரன்ஸ் தேதியை பார்க்கலாம். பாக்கி அபராதத்தை இ-செலான் பக்கத்தில் பார்க்கலாம். 5 நிமிட வேலைதான்.

மாட்டிக்கிட்டா எங்கே போறது?

முதலில் ஷோரூம் மேனேஜருக்கும், கார் தயாரிக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். போனில் கத்துவதால் பிரயோஜனம் இல்லை. இ-மெயிலும், ஸ்பீடு போஸ்ட் ரசீதும்தான் பின்னால் சாட்சி பேசும். வண்டியில் பழுது என்றால் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு காப்பி வாங்க வேண்டும். "சும்மா பார்த்துட்டுத் தர்றோம்" என்று ஜாப் கார்டு போடாமல் அனுப்பினால், அந்த பழுது வந்ததற்கே ஆதாரம் இருக்காது.

அடுத்து 1915. மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண் இது. தமிழிலும் பேசலாம். புகாரை பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். பல விவகாரம் இந்த கட்டத்திலேயே முடிந்து விடுவது உண்டு.

இன்சூரன்ஸ் சம்பந்தமான புகார் என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255. வங்கி, பைனான்ஸ் கம்பெனி மேல் புகார் என்றால், முதலில் அவர்களுக்கே எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

எதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோர்ட்டு என்றதும் பயப்படத் தேவை இல்லை. வக்கீல் இல்லாமல் நேரடியாகவே மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரில் வழக்கு போடலாம். 'இ-ஜாக்ரிதி' தளம் மூலம் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை வந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். "பார்க்கலாம் சார், பேசலாம் சார்" என்று டீலர் இழுத்தடிக்கும்போது இந்த கெடுவை மறந்து விடக் கூடாது.

2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். 'தொழிலுக்கு வாங்கிய வண்டி, நீ நுகர்வோரே இல்லை' என்று சில டீலர்கள் வாதம் செய்வார்கள். தானே ஓட்டி பிழைப்பதற்காக டாக்சி வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. டிரைவர் தொழிலாளர்கள் இதை மனசில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பணம் வாங்கிக் கொண்டு வண்டியே தரவில்லை, திருட்டு வண்டியை தலையில் கட்டினார், போலி ஆர்.சி. கொடுத்தார் என்றால் அது போலீஸ் கேஸ். பழைய 420-க்கு பதிலாக 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பி.என்.எஸ். சட்டம் 318-வது பிரிவு வந்துள்ளது. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதை கேட்டு வாங்க வேண்டும்.

அட்வான்சுக்கு முன் 7 கேள்வி

1. ஆன்ரோடு விலையை வரி வரியாக பிரித்து, சீல் வைத்து தருவீர்களா?

2. இந்த காரின் தயாரிப்பு மாதம் என்ன? சேசிஸ் நம்பர் என்ன?

3. பதிவுக்கு முன் வண்டியை பகலில் காட்டுவீர்களா?

4. கேன்சல் செய்தால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும்?

5. இன்சூரன்ஸ் வெளியில் எடுத்தால் தள்ளுபடியை குறைப்பீர்களா?

6. கே.எப்.எஸ். தாளில் ஏ.பி.ஆர். எவ்வளவு?

7. பழைய காருக்கு பாரம் 29சி ஒப்புகை எப்போது தருவீர்கள்?

இந்த 7 கேள்விக்கும் பதிலை தாளில் எழுதிக் கொடுக்கிற ஷோரூமில் தாராளமாக அட்வான்ஸ் போடலாம். "அதெல்லாம் நம்பிக்கை சார்" என்று சிரிக்கிற இடத்தில், ஜூஸை குடித்துவிட்டு எழுந்து வந்து விடலாம். அடுத்த தெருவிலும் ஒரு ஷோரூம் இருக்கும்.